சத்தியநேசனும் பதினைந்தாம் நாள் எலிகளும்

சத்தியநேசனுக்கு நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அவன் பார்த்த வேலைதான் காரணம் என்று அவன் அக்கா தாசம்மாள் உறுதியாக நம்பினாள். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு பார்மசி கல்லூரியில் லேப் அட்டெண்டர். நிரந்தர வேலை, பென்ஷனும் உண்டு. இதுவரை கேட்கும்போது பெண்வீட்டார் தலையாட்டுவார்கள். அப்புறம் யாராவது ஒரு மாமா, "லேப்ல என்ன சோலி?" என்று கேட்பார். பேச்சு அங்கேதான் முறியும்.

"எலிக்க கர்ப்பப்பைய எடுத்து, மருந்து விட்டுப் பாக்கப்பட்ட சோலி" என்று சத்தியநேசன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவான்.

பெண்வீட்டார் பலகாரத் தட்டைப் பார்ப்பார்கள். சிலர் அவன் கைகளைப் பார்ப்பார்கள். நகக்கண்களில் எப்போதும் கரி இருக்கும். அதைப் பார்த்ததும் அவர்களுக்கு மீதியும் புரிந்துவிட்டது போலிருக்கும். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தாசம்மாள் பல்லைக் கடிப்பாள். "ஏலேய், சயின்ஸ் சோலியாக்கும் எண்ணு சொன்னாப் போராதா? எங்கயும் எடுத்த வாய்க்கு அந்த வார்த்தையைச் சொல்லணுமா?"

"பின்ன, அதுக்கு வேற பேரு உண்டா?"

அவன் செய்த வேலை இதுதான். எலியின் கர்ப்பப்பையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, வெதுவெதுப்பான உப்புக் கரைசல் நிறைந்த கண்ணாடிக் குழாயில் தொங்கவிட வேண்டும். அடியிலிருந்து காற்றுக் குமிழ் வந்துகொண்டே இருக்க வேண்டும். துண்டின் மேல்முனையில் ஒரு நூல் கட்டி, அதை மெல்லிய கோல் ஒன்றோடு இணைத்திருப்பார்கள். கோலின் நுனி, மெதுவாகச் சுற்றும் ஓர் உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். உருளையின் மேல் மண்ணெண்ணெய்ப் புகையில் காட்டிக் கறுப்பாக்கிய வழவழத் தாள் இருக்கும். குழாய்க்குள் மருந்து விட்டதும் தசை சுருங்கும். நுனி மேலே ஏறும். கறுப்புத் தாளில் வெள்ளைக் கோடாக ஒரு மலை எழும். தசை தளர்ந்தால் மலை இறங்கும். எலி செத்துப்போய் நாலு மணி நேரம் கழித்தும் அந்தத் துண்டு தன் சங்கதியைத் தானே எழுதிக்கொண்டிருக்கும்.

தாளுக்குச் சீராகப் புகை பிடிக்க வைப்பதில் அந்தக் கல்லூரியில் சத்தியநேசனை மிஞ்ச ஆளில்லை. எலிகளின் நாள் கணக்கும் அவனிடம்தான். சாயங்காலம் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விடுவான். காலையில் பெண் எலியிடமிருந்து ஒரு சொட்டு எடுத்து, விந்து தெரிகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பான். காரியம் நடந்திருந்தால் கூண்டு அட்டையில் தேதி போடுவான். எலிக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு நாளில் பிரசவம். எந்தக் கூண்டில் எத்தனையாவது நாள் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கல்யாணம் ஆகாத மனுஷனுக்கு இந்த விஷயத்தில் இத்தனை அறிவு வேண்டியதில்லை என்று அவன் போகும் சர்ச் சபையில் சிலருக்கு அபிப்பிராயம் இருந்தது.

துறைத் தலைவர் டாக்டர் அழகியநம்பி. திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீவராகத்துக்காரர். படித்தது என்ன என்பதைவிட எங்கே படித்தோம் என்பதைப் பற்றியே அதிகம் பேசுவார். எடின்பரோவில் ஆறு மாதம் இருந்தார். அந்த ஆறு மாதத்தைப் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பத்தில் ஒரு கஷாயம் இருந்தது. மாதம் திகையுமுன்பே, பிரசவத்துக்கு நாள் இருக்கும்போதே வலி கண்ட கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தால் வலி அடங்கிவிடுமாம். அதற்கு அவரே 'ஸ்தம்பினி' என்று பெயர் வைத்தார். டெல்லிக்கு எழுதிப்போட்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் வாங்கினார். கரமனையிலிருந்து வந்துகொண்டிருந்த சுஜா என்ற பெண்ணை அதில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொண்டார்.

ஆராய்ச்சி இப்படி நடந்தது. ஒரு வரிசைக் கூண்டுகளில் கர்ப்பமில்லாத எலிகள். அவற்றுக்குக் கஷாயம் கிடையாது. அவற்றின் கர்ப்பப்பையில் ஆக்சிடோசின் என்ற, தசையைச் சுருக்கும் மருந்தை விட்டால் மலை எழும்பும். இன்னொரு வரிசையில் கர்ப்பிணி எலிகள். அவற்றுக்கு ஐந்தாம் நாள் தொடங்கிப் பதினான்காம் நாள்வரை தினமும் கஷாயம். பதினைந்தாம் நாள் துண்டை எடுத்து அதே மருந்தை அதே அளவில் விட்டால், மலைக்குப் பதிலாக ஒரு சின்ன மேடு. ஆகவே கஷாயம் கர்ப்பப்பையை அடக்குகிறது. ஆகவே அழகியநம்பி மகா விஞ்ஞானி.

சேர்ந்த புதிதில் சுஜா ஒருநாள் கேட்டுவிட்டாள். "சார், கஷாயம் குடிக்காத கர்ப்பிணி எலி கொஞ்சம் வெச்சு நோக்கண்டே? எல்லாத்தையும் ஒப்பிடணுமில்லே?"

அழகியநம்பி கண்ணாடியைக் கழற்றினார். "கஷாயம் குடுக்கப் போறதில்லைன்னா அந்த எலிக்குக் கர்ப்பம் எதுக்கும்மா? வேஸ்ட்."

சுஜா அப்புறம் கேட்கவில்லை. தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்பு அது நடந்தது. அழகியநம்பி ஒரு மாநாட்டுக்காகப் பூனாவுக்குப் போயிருந்தார். அங்கிருந்து குடும்பத்தோடு காசிக்கும் போய்விட்டு வருவதாகத் திட்டம். போகுமுன் வீட்டிலிருந்து ஒரு பெரிய கண்ணாடிப் புட்டி நிறையக் கஷாயம் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை சத்தியநேசன் ஃபிரிட்ஜைத் திறந்தான். புட்டி ஏதோ அவனுக்காகவே காத்திருந்ததுபோல் வழுக்கி வந்து தரையில் விழுந்து சிதறியது. லேப் முழுக்க வைத்தியசாலை வாடை. கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிக்கொண்டே அவன் யோசித்தான். சொன்னால் மெமோ வரும். சொல்லாமல் கஷாயத்தை நிறுத்தினால் அன்றைக்கு ஐந்தாம் நாளான ஆறு கர்ப்பிணி எலிகளின் கணக்கும் கெட்டுப்போகும், அதற்கும் மெமோ வரும்.

பால் விடாத கட்டங்காப்பிக்காக அவன் அலமாரியில் கருப்பட்டி வைத்திருப்பது வழக்கம். ஒரு துண்டை உடைத்து வெந்நீரில் போட்டான். நிறம் அச்சு அசலாக அதுதான். ஆறு கர்ப்பிணி எலிகளும் ஐந்தாம் நாளிலிருந்து கருப்பட்டித் தண்ணீர் குடித்தன. கஷாயத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜீவன்கள் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

அழகியநம்பி திரும்பி வந்த மறுநாள் பதினைந்தாம் நாள். சுஜா துண்டை மாட்டினாள். ஆக்சிடோசின் விழுந்தது. கோல் அசைந்ததோ இல்லையோ என்கிற அளவுக்கு ஒரு சிறு மேடு எழும்பி அடங்கியது. இரண்டாவது எலி, மூன்றாவது எலி, எல்லாம் அப்படியே.

"அடேயப்பா!" என்று அழகியநம்பி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பாத்தயா சுஜா, இத்தனை சமமா ஒரு கிராஃப் இதுவரைக்கும் வந்ததே இல்லை. கர்க்கடக மாசத்துல தோண்டின வேராக்கும் இந்தத் தடவை. அதான் வீரியம்! சத்யா, இந்தத் தாளை நல்லா வார்னிஷ் போட்டு உலர்த்து. ஃபிரேம் பண்ணணும்."

சத்தியநேசன் வார்னிஷ் போட்டு உலர்த்தினான். பழவங்காடியில் ஒரு கடையில் கொடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்ததும் அவன்தான். சுவரில் ஆணியடித்து மாட்டியதும் அவன்தான். பத்துக் கட்டளைகளில் எதையாவது மீறிவிட்டோமா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். பொய் சொல்லவில்லை, யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தைக் கடந்து போகும்போதெல்லாம் பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு நடந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பாறசாலைப் பக்கம் பெண் பார்க்கப் போனார்கள். பெண் பெயர் ராஜபாய், முப்பத்தாறு வயது. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாகப் பிரசவ வார்டு நர்ஸ். கண்ட நேரத்துக்கெல்லாம் டியூட்டிக்குப் போய்வருகிறவள் என்று அவளையும் நாலைந்து மாப்பிள்ளைகள் வேண்டாம் என்றிருந்தார்கள். சபைப் போதகர் நடுவில் உட்கார்ந்திருந்தார். டீ, நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் வந்தன. தாசம்மாள் முந்திக்கொண்டு, "தம்பிக்கு சயின்ஸ் சோலியாக்கும். மசிலு ஆராய்ச்சி" என்றாள்.

"எந்த மசிலு?" என்றாள் ராஜபாய்.

தாசம்மாள் இருமினாள்.

"கர்ப்பப்பை" என்றான் சத்தியநேசன்.

போதகர் டீக் கிளாசை மேஜையில் வைத்தார்.

"எலிக்கதா, முயலுக்கதா?" ராஜபாயின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"எலிக்கது. செனை எலி."

"செனைன்னா எத்தர நாளு?"

இதுவரை எந்தப் பெண்ணும் அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எந்தப் பேராசிரியரும் கேட்டதில்லை. சத்தியநேசனுக்கு உள்ளே ஏதோ அவிழ்ந்ததுபோல் ஆயிற்று. கஷாயம், உடைந்த புட்டி, கருப்பட்டி, கண்ணாடிச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். கருப்பட்டித் தண்ணீர் எப்படிக் கர்ப்பப்பையை அடக்கும் என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை. அதிலும் ஏதாவது மருந்து உண்டோ என்று அவளிடமே கேட்டான்.

ராஜபாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் சிப்ஸ் தட்டு சரிந்தது.

"கருப்பட்டியும் இல்ல, கஷாயமும் இல்ல. அந்த நேரத்துல அது ஒறங்கிக்கிட்டுக் கெடக்கும். எங்க வார்டுல பாருங்க. அஞ்சாம் மாசம், ஆறாம் மாசம் வயித்துக்குள்ள பிள்ள செத்துப்போன கேஸு வரும். வெளிய எடுக்கணும். பிட்டோசின் டிரிப்பு போடுவோம், உங்க ஆக்சிடோசின்தான் அது. பாட்டிலு பாட்டிலா எறங்கும், கர்ப்பப்பை கூப்பிட்ட குரலு கேக்காது. அதே, மாசம் திகைஞ்சவளுக்கு நாலு சொட்டு கூடிப்போனாப் போரும், கட்டிலு குலுங்கும். டாக்டரு ஓடிவந்து டிரிப்ப அடைப்பாரு. மருந்து ஒண்ணுதான். வயிறு வேற."

"மோளே, இதெல்லாம் இப்பம்…" என்று போதகர் ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் ஐயா" என்றான் சத்தியநேசன். போதகரை இடைமறித்தது அவன் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. "அப்பம் கஷாயம் என்னதான் செய்யுது?"

"ஒறங்கிக்கெடக்கவனுக்குப் பக்கத்துல இருந்து தாலாட்டு பாடிப்போட்டு, நான்தான் ஒறக்கினேன்னு சொல்லுது. உங்க சாரு கஷாயம் குடிக்காத செனை எலியப் பாக்கலியா?"

"வேஸ்ட்டுன்னு சொல்லிட்டாரு."

"கடைசி நாளு எலியயாவது?"

"அதும் இல்ல. எல்லாம் பதினஞ்சு."

"நல்ல சாரு" என்றாள் ராஜபாய்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. பிரசவ வார்டையும் செத்த சிசுவையும் பேசி ஒரு சம்பந்தம் முடிந்ததை அந்தச் சபையில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. போதகர் கடைசி ஜெபத்தை வழக்கத்தைவிட நீளமாகச் செய்தார்.

திங்கட்கிழமை சத்தியநேசன் சுஜாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரிலிருந்த சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்டெ தீசிஸ் அண்ணா!" என்றாள். "ரெண்டு வருஷம் போச்சே."

"போகல. எலி உண்டு. நாளும் எனக்குத் தெரியும். பாப்பமா?"

அழகியநம்பி சனிக்கிழமைகளில் மத்தியானத்துக்கு மேல் வரமாட்டார். அந்த மத்தியானங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கஷாயமும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. வெறும் தண்ணீர் குடித்த கர்ப்பிணி எலிகள். அந்தந்தச் சனிக்கிழமைக்கு வேண்டிய நாளில் எலி கிடைக்கும்படி சத்தியநேசன் ஜோடி சேர்த்து வைப்பான். பதினைந்தாம் நாள் எலி அதே சின்ன மேட்டைத்தான் எழுதியது. சட்டத்துக்குள் இருந்ததற்கும் இதற்கும் பெற்ற அம்மாவே வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாள். பதினெட்டாம் நாளும் பெரிதாக ஒன்றும் இல்லை. இருபதாம் நாள் துண்டு கொஞ்சம் எரிச்சலோடு அசைந்தது. இருபத்தோராம் நாள் சாயங்காலம் எடுத்த துண்டு, மருந்து விடுமுன்பே தானாகச் சுருங்கி விரிய ஆரம்பித்தது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு ஆக்சிடோசின் விட்டாள் சுஜா. கோல் தாளின் மேல்விளிம்பைத் தாண்டிப் போய் நின்றது. குட்டி போட்டு நாலு நாள் ஆன எலியில் அந்த வேகம் மறுபடி வடிந்திருந்தது.

"இது புஸ்தகத்துல உண்டு அண்ணா" என்றாள் சுஜா மெதுவாக. அவளுக்கு வெட்கமாக இருந்தது. "குட்டி உள்ள நிக்கணும்னா தசை பேசாம கெடக்கணும். புரோஜெஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் அத அடக்கி வெக்கும். கடைசியில அது குறையும், ஈஸ்ட்ரோஜன் ஏறும். ஆக்சிடோசின் வந்து ஒட்டுற எடங்கள் தசை மேல பல மடங்கு கூடும். நாரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கும். அப்புறம் ஒரு சொட்டு போரும். ரெண்டாம் வருஷப் பரீட்சையில எழுதினேன். பத்துக்கு ஒம்பது மார்க்."

பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கியவளுக்கும், எடின்பரோவில் ஆறு மாதம் இருந்தவருக்கும் தோன்றாத சங்கதி ஒரு புட்டி உடைந்ததால் தெரியவந்தது. சுஜா தாள்களைச் சுருட்டிக்கொண்டு தைரியமாக அழகியநம்பியின் அறைக்குப் போனாள். ஏழு நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"கஷாயம் குடுக்காத எலியைப் பத்திக் கஷாய ப்ராஜெக்ட்ல எழுத முடியாதாம். மேலதிகாரி அனுமதி இல்லாம எலியை வீணாக்கினதுக்கு இந்தத் தடவை மன்னிச்சுட்டாராம்."

தாள்களை அவள் கிழிக்கவில்லை. அலமாரியில் புகைத்தாள் கட்டுக்குப் பின்னால் சத்தியநேசன் ஒளித்து வைத்தான்.

கருப்பட்டி விஷயத்தை அவளும் சொல்லவில்லை. சத்தியநேசனுக்கு வேலை போய்விடும் என்று பயந்தாள். புதுக் கஷாயம் வந்தது. புதிய எலிகள் தினமும் அதைக் குடித்தன. ப்ராஜெக்டைப் பார்வையிட டெல்லியின் கண்காணிப்புக் கமிட்டி வரப்போவதாகக் கடிதம் வந்ததும், ராஜபாய் சொன்னதை நினைத்துக்கொண்டு, கஷாயம் குடித்த எலிகளில் இரண்டை மட்டும் கமிட்டி வரும் தேதிக்கு இருபத்தொன்று ஆகும்படி சத்தியநேசன் தனியாக வைத்தான். எதற்கு என்று அவனுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

கமிட்டியில் மூன்று பேர். இருவர் முன்கூட்டியே போன் செய்து, பத்மநாபசுவாமி நடை எப்போது திறக்கும், கோவளத்துக்குக் கார் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டவர்கள். மூன்றாவது ஆள் டாக்டர் லலிதாம்பாள், மெட்ராஸில் ஓய்வு பெற்ற பேராசிரியை. கைத்தறிப் புடவை, ஒரு கான்வாஸ் பை. கோயில் நடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அழகியநம்பி முக்கால் மணி நேரம் பேசினார். சட்டம் போட்ட கிராஃபைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். மற்ற இருவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "வெரி குட், வெரி குட்" என்றார்கள். "இப்போ நேரடியாகவே காட்டறேன்" என்று அழகியநம்பி ஒரு பதினைந்தாம் நாள் எலியைக் கொண்டுவரச் சொன்னார்.

"ஒரு நிமிஷம்" என்றார் லலிதாம்பாள். "இந்த மருந்து யாருக்கு? வலி எடுக்கறவளுக்குத்தானே? அப்போ வலி எடுக்கத் தயாரா இருக்கற எலியில காட்டுங்களேன். பிரசவத்துக்குப் பக்கத்துல இருக்கறது. இருக்கா?"

"அப்படி ஒண்ணு இப்போ ஸ்டாக்கில…" என்று அழகியநம்பி கையை விரித்தார்.

"உண்டு சார்" என்றான் சத்தியநேசன் வாசலருகிலிருந்து. "இருபத்தோராம் நாளு. கஷாயம் பத்து நாளும் குடிச்சதாக்கும்."

அழகியநம்பி அவனைப் பார்த்த பார்வைக்குப் புகை இல்லாமலே தாளில் கரி பிடித்திருக்கும்.

துண்டு தயாராகி நிலைக்கு வர அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் எல்லோருக்கும் டீயும் உளுந்து வடையும் வந்தன. பிறகு சுஜா உருளையை ஓடவிட்டாள். மருந்து இன்னும் விடவில்லை. கோல் தானாக ஏறி இறங்கத் தொடங்கியது. ஸ்தம்பினி பத்து நாள் குடித்த தசை, யார் சொல்லையும் கேட்காமல் அலையலையாக எழுதிக்கொண்டிருந்தது.

"மருந்தை விடுங்கோ" என்றார் லலிதாம்பாள். "கொஞ்சமா."

சுஜா விட்டாள். கோல் ஒரே எழும்பலில் தாளின் விளிம்பைத் தாண்டியது; நூல் அறுந்தது; கோலின் நுனி திரும்பி, கிட்டே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அழகியநம்பியின் வெள்ளைச் சட்டையில் கரிக்கோடு ஒன்று இழுத்துவிட்டு அடங்கியது. வடையைக் கையில் வைத்திருந்த கமிட்டி உறுப்பினர் ஒருவர் அப்போதும், "வெரி குட்" என்றார்.

"கஷாயம் குடிக்காத பதினைஞ்சாம் நாள் எலி கிராஃப் இருக்கா?" லலிதாம்பாளின் குரல் உயரவில்லை.

சுஜா அழகியநம்பியைப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, புகைத்தாள் கட்டுக்குப் பின்னாலிருந்து சுருளை எடுத்து மேஜையில் விரித்தாள். லலிதாம்பாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினைந்து, பதினெட்டு, இருபது, இருபத்தொன்று, குட்டி போட்ட பிறகு. பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி, சுவரிலிருந்த சட்டத்தைப் பார்த்தார்.

"அப்போ அதுல இருக்கறது?" என்று வாசலருகில் நின்றவனிடம் கேட்டார்.

இந்தக் கேள்வியாவது தன்னிடம் கேட்கப்பட்டதே என்று சத்தியநேசனுக்கு ஏறக்குறைய நிம்மதியாக இருந்தது.

"அது கருப்பட்டித் தண்ணியாக்கும் அம்மா" என்றான்.

லலிதாம்பாள் சிரிக்க ஆரம்பித்து, கொஞ்ச நேரம் நிறுத்த முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவனைக் கிட்டே கூப்பிட்டு, எந்தக் கூண்டில் எந்தத் தேதியில் என்ன கொடுத்தான் என்று அரைமணி நேரம் விசாரித்துத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லிச் சரிபார்த்தார். ஒரு தேதிகூடப் பிசகவில்லை.

இத்தோடு அழகியநம்பியின் கதை முடிந்தது என்று நினைத்தால் அது அவரைத் தெரியாதவர்களின் நினைப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே அவர் தேறிவிட்டார். "இதைத்தான் மேடம் நானும் முடிவா சொல்ல வந்தேன். மருந்துன்னு ஒண்ணு தனியா இல்லை. கர்ப்பத்தோட எந்த நாள்ல குடுக்கறோம்கறதுதான் மருந்து. ஸ்தம்பினி ஒரு வியாஜம், வெறும் சாக்கு, அவ்வளவுதான்." மற்ற இரண்டு உறுப்பினர்களும் கோவளத்துக்குப் போகும் வழியில் அறிக்கையை எழுதினார்கள். துறை மிகவும் நேர்மையாகத் தன்னைத் தானே திருத்திக்கொண்டிருப்பதாகப் பாராட்டு. ப்ராஜெக்டுக்கு மேலும் இரண்டு வருஷம் நீட்டிப்பு. தலைப்பு மட்டும் மாறியது: கர்ப்ப காலத்தில் கருப்பைத் தசையின் இயக்கமும் மருந்துகளுக்கு அதன் மாறும் பதில்களும். லலிதாம்பாள் தனியாக ஒரு பக்கம் எழுதினார். அது எந்தக் கோப்பில் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சுஜாவின் தீசிஸைத் தாமே பார்ப்பதாக அவர் எழுதியதால் அந்தப் பெண் பிழைத்தாள். அடுத்த வருஷம் அந்தச் சனிக்கிழமைக் கிராஃப்களுக்காக ஹைதராபாதில் நடந்த மாநாட்டில் சிறந்த கட்டுரை விருது கிடைத்தது. வாங்கியவர் அழகியநம்பி. சுஜாவின் பெயர் இரண்டாவது.

சத்தியநேசனுக்கும் ஒரு தாள் வந்தது. அது மெமோ. மேலதிகாரியின் அனுமதியின்றி வெளி நிபுணர்களின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னதற்கும், அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் உணவுப் பொருளைக் கலந்ததற்கும் விளக்கம் கேட்டிருந்தது. அதற்குள் அவன் மனைவியாகிவிட்ட ராஜபாய் உட்கார்ந்து பதில் எழுதிக் கொடுத்தாள். 'எத்தனையாம் நாள் என்று கேட்டார்கள். தெரிந்ததால் சொன்னேன். தெரியாதவர்கள் சொல்லாமல் இருந்தார்கள்.' கடைசி வாக்கியத்தை எடுத்துவிடும்படி சத்தியநேசன் கெஞ்சினான். அவள் எடுக்கவில்லை.

அவனை ஹாஸ்டல் ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கே பாத்திரக் கணக்கும் தண்ணீர் மோட்டாரும் பார்த்தான். அவனுக்குப் பதிலாக வந்தவனுக்கு ஆண் எலிக்கும் பெண் எலிக்கும் வித்தியாசம் தெரிய ஒரு வாரம் பிடித்தது. புதிய தலைப்பில் ப்ராஜெக்டின் உயிரே நாள் கணக்கில்தான் இருந்தது. பதினெட்டு என்று அட்டை சொன்ன எலி மேஜையிலேயே குட்டி போட்டது. இருபத்தொன்று என்று சொன்னது கர்ப்பமே இல்லை. மூன்றாம் மாதம் அழகியநம்பியே ஹாஸ்டலுக்கு நடந்து வந்தார். மோட்டார் ஷெட் வாசலில் நின்றார்.

"சத்யா, கோபமெல்லாம் மனசுல வெச்சுக்கப்படாது கேட்டையா. நோக்கு லேப்தான் சரி."

"எனக்கு இங்க சுகமாக்கும் சார். மோட்டாரு எந்த நாளும் ஒண்ணு போலத் தண்ணி எடுக்கும்" என்றான் சத்தியநேசன். மறுநாள் லேபுக்குப் போய்விட்டான். எலிகளை அந்தப் புது ஆள் பட்டினி போட்டிருந்தது அவனுக்குத் தெரியும்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் ராஜபாய்க்கு மாதம் திகைந்து, தேதியும் தாண்டி ஒரு வாரம் ஆயிற்று. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், அவளே பதின்மூன்று வருஷம் மற்றவர்களைப் படுக்க வைத்த கட்டிலில் காலையில் படுக்க வைத்து டிரிப் போட்டார்கள். சத்தியநேசன் வராந்தாவில் நின்றான். உள்ளே ஒரு சின்ன நர்ஸ், "சிஸ்டர், பன்னெண்டு சொட்டு வெச்சிருக்கேன்" என்றது அவன் காதில் விழுந்தது.

கதவைத் தட்டினான். "பன்னெண்டு வேண்டாம் மோளே! நாப்பத்தொண்ணாம் வாரமாக்கும். ரொம்பக் கேக்கும் அது. எட்டுல வெச்சுப் பாருங்க!"

"ஆராக்கும் அது?" என்று உள்ளேயிருந்து டாக்டரம்மா கேட்டாள்.

"எனக்க வீட்டுக்காரரு" என்றது ராஜபாயின் குரல், வலிக்கு நடுவில். "எலி டாக்டரு. அவரை ஆராவது கொண்டுபோய் ஒரு சாயா வாங்கிக் குடுங்க!"

அவன் போகவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே நின்று, அவள் சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே உள்ள நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷம். நாலு. மூன்று. அப்புறம் பார்க்கத் தைரியம் இல்லாமல் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு கிராம். உள்ளே விட்டதும் அவன் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் டிரிப் பாட்டிலைத்தான் பார்த்தான். ராஜபாய் அதைக் கவனித்துவிட்டாள்.

"பத்து" என்றாள் களைப்போடு. "எட்டும் இல்ல, பன்னெண்டும் இல்ல. இனி இங்க வந்து பிள்ளயப் பாருங்க."

அவன் கைகளைத் தோள் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு குனிந்தான்.